இடக்கைக்கு ஓர் இலை

அத்தியாயம் 11

வீரசிங்கம் பெரிய கிராணியார் கண்மூடி முப்பது நாள் ஆகிவிட்டது. அவருடைய சுருட்டைப் பற்றிய பேச்சுதான் புக்கிட் பெலிம்பிங் சாலையில் இன்னும் ஓயவில்லை.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராணியார் யாழ்ப்பாணத்து மனிதர். கடல் கடந்து இங்கே வந்து, ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து, வேலையில் இருந்தபோதே சாலையோரம் கல்வீடு கட்டி, ஓய்வுபெற்றதும் கூடத்தில் சாய்மனைக் கதிரை போட்டு, அதில் கிடந்தபடி புகைவிட்டவர். கடைச் சுருட்டைத் தொடமாட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டாக வரும் புகையிலையைத் தாமே பதப்படுத்தி, பின்கட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து தாமே சுற்றுவார். பிறவியிலேயே இடக்கைக்காரர், சுற்றுவதும் இடக்கையால்தான். எண்பத்து மூன்றில் அங்கே கலவரம் வந்ததும் இலை வருவது நின்றது. மிஞ்சியது அடுப்புக்கு மேலே தொங்கிய ஒரே கட்டு.

ஒரே மகன் மகாதேவா, கெர்லிங் தோட்டத்து உடையப்பன் மகள் கலாவதியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றது இந்த வீட்டுக் கலவரம். உடையப்பன் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் ஸ்மோக் ஹவுஸில் வேலை பார்ப்பவர். கிராணியார் மருமகளை வீட்டுக்குள் விட்டார், பேச்சுக்குள் விடவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவள் கூடத்தைக் கடக்கும்போது புகையை மட்டும் அந்தப் பக்கம் விடுவார்.

எட்டாம் நாள் படையலில்தான் சிக்கல் ஆரம்பித்தது. இவர்கள் வழக்கப்படி இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைத்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே காத்திருப்பார்கள். மகாதேவா பட்டணத்துக் கடையில் வாங்கிய சுருட்டைப் பற்றவைத்து வைத்தான். கதவைத் திறந்து பார்த்தால் பாதியில் அணைந்து கிடந்தது. கிராணியாரின் மனைவி இரத்தினம்மா அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் தீர்ப்பு சொன்னாள்.

"முப்பத்தொண்டாம் நாள் படையலுக்கு அவற்ற இலையில சுத்தின சுருட்டு வேணும். கலாவதி சுத்தட்டும். கடைசிமட்டும் எரிஞ்சால் அவர் இவளை ஏற்றுக்கொண்டார் எண்டு நான் எடுக்கிறன். இந்த வீட்டில இருக்கட்டும். பாதியில நூந்துபோனால், தகப்பன் வீட்டுக்குப் போகட்டும்."

புருஷன் ஏதாவது சொல்வான் என்று கலாவதி திரும்பிப் பார்த்தாள். மகாதேவா பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். அவள் கெர்லிங்குக்குப் போனால் தனியாகத்தான் போவாள் என்பது அந்தத் திருப்பலிலேயே அவளுக்கும் நமக்கும் தெரிந்துபோயிற்று.

அன்றிலிருந்து படிப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இரத்தினம்மாவைக் கேட்டால், நாற்பது வருஷத்தில் தன்னை அவர் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் விட்டதே இல்லை, தனக்குத் தெரிந்தது மணம் மட்டும்தான் என்றாள். கலாவதி கிராணியாரின் தகர டப்பாவில் மிச்சமிருந்த ஒரு சுருட்டை எடுத்து, நூலை அறுத்து, மகாதேவாவின் பேப்பர்மேல் வைத்து அடுக்கடுக்காகப் பிரித்தாள். வெளியே நரம்பெடுத்த பாதி இலை. உள்ளே கிழிந்தவை, துண்டுகள். ஒவ்வொன்றும் எப்படி மடிந்திருந்தது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலிருந்து எடுத்த இலை அப்பளம் மாதிரி நொறுங்கும். புகையிலைக் காம்பைப் பனங்கட்டியோடு காய்ச்சி வடித்த நீரை, கோடா என்பார்கள், விரல்நுனியால் தெளித்து ஈரச்சாக்கில் மூடி இரண்டு நாள் வைக்கவேண்டும். தெளிப்பு குறைந்தால் இலை உடையும். கூடினால் அழுகும். இவள் கூட்டிவிட்டாள். டிசம்பர் மழை வேறு. மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கினால் வெள்ளையாகப் பூஞ்சணம்.

மற்றவர்கள் வெயிலுக்குக் காத்திருப்பார்கள். ஸ்மோக் ஹவுஸ்காரர் மகளுக்கு ஈரம் என்றால் புகைதான் மருந்து. மிஞ்சியிருந்த நல்ல இலையில் பெரும்பகுதியைப் பஸ்ஸில் கெர்லிங்குக்கு எடுத்துக்கொண்டு போனாள். உடையப்பனும் மகளுக்காகக் குறை வைக்காமல் செய்தார்: ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே கழியில் தொங்கவிட்டு மூன்று நாள். இலை தேன் நிறத்தில் அருமையாகக் காய்ந்து வந்தது. மணம்தான் லோரி டயர் மாதிரி.

இவ்வளவும் முன்கதை. இனி முப்பத்தொன்றாம் நாள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. மகாதேவாவும் ஐயரும் சடங்கு செய்ய ஆற்று முகத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். திரும்ப உச்சிப்பொழுது ஆகும். இரத்தினம்மா தலை முழுகிவிட்டுச் சாமியறைக்குள் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்குப் படையல் முடிந்தால் கிராணியார் இந்த வீட்டை விட்டு நிம்மதியாகப் போய்விடுவார் என்பது சாஸ்திரம். சாஸ்திரத்தை அவர் படித்திருந்தாரா என்பது வேறு விஷயம்.

கலாவதி பின்கட்டில் சாக்கைப் பிரித்தாள். பழுதில்லாத யாழ்ப்பாண இலை ஒன்றே ஒன்று தேறியது. அது மேலே சுற்ற. உள்ளே வைக்க, கெர்லிங்கில் புகை போட்டு வந்த இலையை விட்டால் வேறு கதியில்லை. அவள் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, கிராணியாரின் பலகையைப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, பெஞ்சில் இடம் இருக்கிற மாதிரி தோன்றவில்லை என்று பிறகு சொன்னாள்.

இலையின் நுனியைப் பிடித்து நடு நரம்பை ஒரே இழுப்பில் உரித்தாள். அது நன்றாக வந்தது. இப்போது இரண்டு பாதிகள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வலப்பாதியை வலக்கையால் சுற்றவேண்டும், இடப்பாதியை இடக்கையால். அப்போதுதான் சிறு நரம்புகள் சுருட்டின் நீளத்துக்குப் படிந்து கிடக்கும். மாற்றிச் சுற்றினால் இலை முறுக்கிக்கொண்டு பிரியும். கலாவதி வலக்கைக்காரி. இடப்பாதியை முறத்தில் போட்டுவிட்டு வலப்பாதியைப் பலகையில் விரித்தாள். உள்ளிலையை வைத்து, உருட்டி, முக்கால்வாசி சுற்றியிருப்பாள்.

வாசலில் கார் ஹார்ன் மூன்று முறை அடித்தது. அவள் திடுக்கிட்டு இழுத்துவிட்டாள். இலை குறுக்கே கிழிந்தது.

வந்தவள் கிராணியாரின் மூத்த மகள் விமலாதேவி, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து. கையில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் வாங்கிய மரப்பெட்டி. உள்ளே வெளிநாட்டுச் சுருட்டு இருபத்தைந்து. நேராகப் பின்கட்டுக்கு வந்து, மூக்கைச் சுருக்கி, தம்பி பெண்டாட்டியை மேலிருந்து பார்த்தாள்.

"என்ன இது? அப்பாவுக்கு ரப்பர் பத்தக் குடுக்கப் போறியோ?"

கலாவதி கிழிந்த இலையை மடியில் மறைத்துக்கொண்டாள். விமலாதேவியின் கண்ணுக்கு அது தப்புமா?

"கஷ்டப்படாத. நான் பெட்டி கொண்டந்திருக்கிறன். நீ உன்ர உடுப்புகளை எடுத்து வை. பின்னேரம் நான் போற வழியில பஸ் ஸ்டாண்டில இறக்கிவிடுறன்."

அன்பாகத்தான் சொன்னாள். அவளுக்கு அன்பு வருவது இந்த மாதிரி நேரங்களில்தான். சொல்லிவிட்டுச் சேலை மாற்ற முன்னறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

கலாவதி கிணற்றடிக்குப் போனாள். கையையும் முகத்தையும் கழுவினாள். கொஞ்சம் அழுதாள் என்று வேலிக்கு அந்தப் பக்கத்துத் தங்கமணி சொல்கிறாள். தங்கமணி அங்கே கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாளாம். அந்தச் செடியில் இலையே கிடையாது, அது போகட்டும்.

"ஏன் புள்ள, ஒங்க வீட்டுக்காரரு ஆத்துக்குப் போகலியா?" என்று தங்கமணி கேட்டாள்.

"காலையிலேயே போயிட்டாரே, அக்கா."

"அப்ப பெஞ்சில யாரு? நீ இப்படி வந்ததும் ஒரு ஆளு முதுகைக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சே. குனிஞ்சு ஏதோ செஞ்சிக்கிட்டு. சட்டை போடல."

கலாவதி திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் யாரும் இல்லை. ஐயராக இருக்கும் என்று ஏதோ சொல்லிவிட்டு நடந்தாள். ஐயரும் ஆற்றில்தான் இருந்தார்.

முறம் காலியாக இருந்தது.

அவள் ஒதுக்கிப்போட்ட இடப்பாதி பலகைமேல் விரிந்து கிடந்தது. சுருக்கம் ஒன்றும் இல்லை. வழவழப்பான முகம் கீழே, நரம்பு முகம் மேலே. ஓரத்தைப் பிறை மாதிரி வளைத்து வெட்டியிருந்தது. அந்த வளைவு அவளுக்கு இன்னும் பழகாத வளைவு. கத்தி பலகைக்கு இடப்பக்கம் கிடந்தது. சோற்றுப் பசை வைத்திருந்த கிண்ணத்தில் ஒரு விரல் வழித்த தடம், பெரிய விரல்.

சாமியறை வாசலுக்கு ஓடினாள்.

"மாமி, நீங்க பின்னால வந்தீங்களா?"

இரத்தினம்மா கண்ணைத் திறக்கவில்லை. "நான் ஏன் பிள்ளை அங்க வாறன்? அவருக்குப் பிடிக்காது."

பிடிக்காது என்றாள். பிடித்திருக்காது என்று சொல்லவில்லை. கலாவதி அதைக் கவனித்தாள். விமலாதேவியின் அறை இன்னும் தாழிட்டே இருந்தது. உள்ளே பவுடர் டப்பா தட்டும் சத்தம் கேட்டது.

வேறு இலை கிடையாது. மணி பதினொன்று. அவள் மறுபடி தரையில் உட்கார்ந்தாள். உள்ளிலையை அடுக்கி, வலக்கையால் சுற்றிப் பார்த்தாள். இலை முறுக்கிக்கொண்டு பிரிந்தது. இன்னொரு முறை சுற்றினாள். அதே மாதிரி பிரிந்தது. மூன்றாவது முறை அவளுடைய இடக்கை முன்னால் போயிற்று. அவள் அனுப்பியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பிடிக்கவும் தடுமாறுகிற கை அது. இப்போது இலையின் நுனியை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, உள்ளங்கையால் உருட்டி, சுற்றுக்குச் சுற்று அரை விரல் ஏற்றி ஏற்றிப் போயிற்று. வலக்கை சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. நுனியில் பசை, ஒரு திருகு, நூல். முடிந்தது.

சுருட்டு பலகைமேல் கிடந்தது. கிராணியாரின் டப்பாவிலிருந்து எடுத்து வைத்த மாதிரி.

பன்னிரண்டரைக்குப் படையல். சாய்மனைக் கதிரைக்கு முன்னால் பெரிய வாழையிலை போட்டு, சோறு, ஏழு கறி, வடை, மோதகம், கறுப்புக் கோப்பி எல்லாம் வைத்தார்கள். கலாவதி சுருட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகாதேவா பற்றவைத்தான். வாழ்நாளில் புகை பிடிக்காதவன். இரண்டு இழுப்புக்கே கண்ணில் நீர் முட்ட, இருமிக்கொண்டே இலையின் ஓரத்தில் வைத்தான். விமலாதேவியின் மரப்பெட்டி ஒரு பக்கம் திறக்காமல் காத்திருந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

வெளியே விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்தோம். ஆமாம், நானும்தான். படையல் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

முதலில் கதவிடுக்கு வழியாக வந்தது ரப்பர் புகை நெடி. சந்தேகமே இல்லை. கெர்லிங் ஸ்மோக் ஹவுஸ் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. விமலாதேவி தாயைப் பார்த்தாள். கலாவதி தன் காலைப் பார்த்தாள். மகாதேவா கடிகாரத்தைப் பார்த்தான்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். நெடி கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பனங்கட்டி கருகுகிற இனிப்பு ஒன்று அதற்குள் ஏறியது. பிறகு ரப்பரைக் காணவில்லை. முப்பது வருஷமாக இந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாம் அறிந்த மணம், கிராணியார் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லும் மணம், கதவுக்கு அடியிலிருந்து எங்கள் காலடிக்கு வந்தது. உள்ளே கதிரையின் பிரம்பு ஒரு தடவை முனகியது. மழைக்காலத்தில் பிரம்பு முனகும் என்று மகாதேவா மெல்லச் சொன்னான். அவனை யாரும் கேட்கவில்லை.

இரத்தினம்மாதான் எழுந்து கதவைத் திறந்தாள்.

சுருட்டு நூல் கட்டிய இடம்வரை எரிந்து முடிந்திருந்தது. வாழையிலையில் சாம்பல் ஒரு துளி இல்லை. கதிரைக்கு வலப்பக்கம் முக்காலியில் இருந்த சாம்பல் கிண்ணத்தை முப்பது நாளைக்கு முன் கழுவிக் கவிழ்த்து வைத்தவள் கலாவதி. அது நிமிர்ந்திருந்தது. கதிரையின் இடப்பக்கத்துக்கு இடம் மாறியிருந்தது. அதற்குள் வெள்ளைச் சாம்பல், விரல் நீளத்துக்கு, உடையாமல்.

விமலாதேவி படித்த பெண். ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் உள்பக்கம் போட்டபடி இருந்தன. கடைசி ஜன்னலில் நின்றவள் திரும்பவில்லை. அங்கிருந்தே, தனக்கு ஒரு கோப்பி வேண்டும் என்று கேட்டாள். கலாவதியிடம் கேட்டாள்.

இரத்தினம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அலமாரி, அரிசிப்பெட்டி, சாமியறை, எல்லாம் அதில். மருமகளின் கையைப் பிடித்து அதற்குள் வைத்து விரல்களை மடித்துவிட்டாள். எந்தக் கை என்று நான் சொல்லத் தேவையில்லை. "சொன்னது சொன்னதுதான்" என்றாள். கலாவதிக்கு அழுகை வந்தது. மகாதேவாகூட நல்லபிள்ளையாக ஒரு புன்னகை பூத்தான்.

பந்தி முடிந்து, ஐயர் போய், மூன்று மணிக்கெல்லாம் விமலாதேவியும் காரைக் கிளப்பிவிட்டாள். இரண்டு நாள் தங்குவதாக வந்தவள், நாளைக்கு அவசர வேலை என்றாள். மரப்பெட்டியை மறந்துவிட்டுப் போனாள். நினைவுபடுத்தத் தங்கமணி கேட் வரைக்கும் ஓடினாள். கார் நிற்கவில்லை.

கலாவதி பின்கட்டைப் பெருக்கினாள். பலகையைத் துடைத்துச் சுவரில் சாய்த்தாள். சாவிக்கொத்து இடுப்பில் கனமாக இருந்தது. மூன்று வருஷமாக ஓரமாக நடந்த வீட்டில் இன்றைக்கு அவள் நடுவாக நடந்தாள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு இரத்தினம்மா பின்கட்டுக்கு வந்தாள். நாற்பது வருஷமாக மிதிக்காத இடம். முகம் கழுவி, திருநீறு பூசி, பளிச்சென்று இருந்தாள். ஒரு மாதமாக அவளை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

"பிள்ளை, இன்னொண்டு சுத்து. பின்னேரத்துக்கும் வேணுமாம்."

கலாவதிக்கு விளங்கவில்லை. யாருக்கு என்று கேட்டாள்.

"ஆருக்கோ? அவருக்குத்தான்."

"மாமி, இன்னைக்கோட அவர் போயிடுவாருன்னு ஐயர் சொன்னாரே."

"ஐயருக்கு என்ன தெரியும். இப்பிடி ஒரு சுருட்டைக் குடுத்துப்போட்டுப் போகச் சொன்னால் ஆர் போவினம்?"

கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. கலாவதி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். யாழ்ப்பாண இலை தீர்ந்துவிட்டது என்றாள். மேலே சுற்ற ஒன்றுகூட இல்லை, இனிமேல் வரவும் வராது என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"கெர்லிங் இலை மிச்சம் கிடக்குதே. அது நல்லாயிருக்குதாம். மாசாமாசம் இஞ்ச கிடைக்கிற இலை ஏதும் வாங்கி, உன்ர அப்பாவை அப்பிடியே புகை போட்டுத் தரச் சொல்லட்டாம்."

மூன்று வருஷம் பேசாத மனிதர் ஒரே நாளில் இவ்வளவு பேசுகிறார். கலாவதி பெஞ்சைப் பார்த்தாள். அதன்மேல் பலகை இருந்தது. சற்று முன்னால் சுவரில் சாய்த்த பலகை. பக்கத்தில் கெர்லிங் இலை ஒன்று, தேன் நிறத்தில், நரம்பெடுத்து, இடப்பாதி மட்டும்.

அவள் இடக்கையை வலக்கையால் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"மாமி," என்றாள் மெதுவாக, "அம்மாவ பாத்து ரொம்ப நாளாச்சு. நான் ஒரு வாரம் கெர்லிங் போயிட்டு வந்துரட்டுமா? அவரும் வேணாம், நான் மட்டும். நாளைக்கு மொத பஸ்ஸுலயே."

காலையில் இதே ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அழுதவள்.

இரத்தினம்மா தலையைக் கூடத்துப் பக்கம் திருப்பினாள். கதிரை இருக்கிற பக்கம். யாரோ நிதானமாகப் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்கிற மாதிரி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இடையில் ஒரு தடவை தலையாட்டினாள்.

பிறகு மருமகளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தாள்.

"வேண்டாமாம்."